அளவு சொல்லாதவர்

ராத்தாவின் காதில் விழாத சேதி மாத்தளையில் கிடையாது. எந்த வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு கண்டி பஸ் ஏறினாள், எந்தக் கடைக்காரரின் பல் செட் கல்யாண வீட்டில் சோற்றில் கழன்று விழுந்தது, எல்லாம் பத்து மணித் தேநீருக்கு முன் அவரிடம் வந்து சேர்ந்துவிடும். தேநீர் ஆறுவதற்குள் தையல் கடையில் எங்களிடமும் வந்துவிடும். தன் வீட்டுக் கதையையும் அவர் விட்டுவைத்ததில்லை. கணவரின் குறட்டையை அவர் நடித்துக் காட்டிய அன்று, சிரிப்பை அடக்க முடியாமல் எங்களில் ஒருத்தி ஜாக்கெட்டின் கழுத்துப் பட்டியைக் கையில் வைத்துத் தைத்துவிட்டாள்.

அப்படிப்பட்டவர் ஒரு விஷயத்தில் மட்டும் வாய் திறக்கமாட்டார். எந்தப் பெண்ணின் அளவையும், எந்தக் காரணத்துக்காகவும், யாரிடமும் சொல்லமாட்டார்.

முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்று அழைப்பார்கள். எங்கள் கடையில் முதலாளி, தையல் பிள்ளைகள், வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் அவர் ராத்தாதான். கீழே துணிக்கடை, மேல்மாடியில் பெண்களுக்கான தையல் பகுதி. மேல்மாடியில் அளவெடுப்பதும் வெட்டுவதும் அவர் பொறுப்பு. நாற்பது வயதிருக்கும். பருத்த உடம்பு. படியேறி வந்ததும் படியைத் திட்டிவிட்டுத்தான் உட்காருவார்.

அவர் கழுத்தில் தொங்கிய அளவு நாடா பெரும்பாலும் அலங்காரத்துக்குத்தான். துணி சுற்றி வரும் பழுப்புக் காகிதத்தை விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி வைத்திருப்பார். அதை உடம்பைச் சுற்றிப் பிடித்து, மார்புக்கு ஒரு வெட்டு, இடுப்புக்கு இரண்டு, கைக்கு மூன்று என்று கத்தரி நுனியால் ஓரத்தில் நறுக்குவார். அந்தப் பெண் தைக்கக் கொடுத்த துணியில் ஒரு துணுக்கை அதில் கட்டி ஆணியில் மாட்டுவார். பெயரும் இல்லை, இலக்கமும் இல்லை. அவள் அடுத்த முறை வந்ததும், "மயில் கழுத்துக் கலர், பொடி ஜரிகை" என்று முனகிக்கொண்டே சரியான காகிதத்தை இழுத்தெடுப்பார். ஒருமுறைகூடத் தவறியதை நான் பார்க்கவில்லை.

"ராத்தா, நான் குண்டாயிட்டேனா?" என்று யாராவது கேட்டால், "இல்ல மகள், துணி கோவிச்சிக்கிட்டு ஈக்கி" என்பார். இருக்கு என்பது அவர் வாயில் ஈக்கி.

சீகிரியாப் பக்கம் ஹோட்டலில் வேலை செய்யும் ஒருவர் ஒருநாள் படியேறி வந்தார். மனைவிக்குத் தெரியாமல் ஜாக்கெட் தைத்துக் கொடுக்க வேண்டுமாம்.

"அளவு எவ்வளவுன்னு சொன்னீங்கன்னா கீழ போயி அதுக்கேத்த துணி எடுத்துருவேங்க."

"துணி எவ்வளவு வேணும்டு நான் துண்டு எழுதித் தாற. அளவு ஒங்களுக்கு எதுக்கு?"

"என்னங்க ராத்தா, என் பொண்டாட்டிதானே?"

"பொண்டாட்டி ஒங்கட. அளவு அவட."

அந்த மனிதர் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் நின்றார். பிறகு சிரித்தார். ஜாக்கெட் மிகப் பொருத்தமாக இருந்ததென்று மனைவி பிறகு வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

நான் அந்தக் கடைக்குப் போனது கணினியோடு. உயர்தரப் பரீட்சை முடித்து, கண்டியில் ஆறு மாதக் கணினிப் பயிற்சியும் முடித்துவிட்டு, கல்யாணம், பிள்ளை என்று தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தவள். போர்நிறுத்தம் வந்து வடக்குப் பாதை திறந்திருந்த காலம் அது. தம்புள்ளை லொறிகளில் மரக்கறி மட்டுமல்ல, துணி மூட்டைகளும் போய் வந்தன. வியாபாரம் சூடு பிடித்ததும் முதலாளி பழைய கணினி ஒன்றை வாங்கி மேல்மாடி மூலையில் வைத்தார். என்னையும் அதன் முன் வைத்தார். எட்டு மாத மகளைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், ஆயாவிடம் விட்டுவிட்டு வந்தேன். பால் குடித்திருப்பாளா, இருமியிருப்பாளா என்று மணிக்கு நாலு தடவை நினைப்பேன். வாய்விட்டும் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது.

"புள்ளைக்கிக் காய்ச்சல் இல்ல. ஒனக்குத்தான்" என்று ராத்தா என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.

முதலாளியின் திட்டம் நல்ல திட்டம்தான். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். தோட்டத்துப் பெண்களுக்கு ஒரு ஜாக்கெட் தைக்க ஒருநாள் வேலை போகும். அளவு கணினியில் இருந்தால் துணியை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்பலாம். கோவில் தேருக்கும், வருஷப் பிறப்புக்கும், பெருநாளுக்கும், தீபாவளிக்கும் முன்பாகக் கடிதம் போட்டு ஞாபகப்படுத்தலாம். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வரி: பெயர், தோட்டம், விலாசம், பண்டிகை, கழுத்து, மார்பு, இடுப்பு, கை. ஒரே வரியில் எல்லாம்.

"லிஸ்ட்டு போடுறியா?" என்று அம்மா கேட்டாள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், தமிழர் வீடுகளைத் தேடிக் கையில் பட்டியலோடு வீதியில் வந்தவர்களைப் பார்த்தவள் அவள். "ஜாக்கெட்டு லிஸ்ட்டும்மா" என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ராத்தாவுக்குக் கணினியின்மேல் கோபமில்லை, சந்தேகம் மட்டும்தான். அதற்குச் சுருக்கு வைத்த உறை ஒன்று தைத்தார். யாராவது படியேறும் சத்தம் கேட்டால் உறையை எடுத்துத் திரையின்மேல் போட்டுவிடுவார், உடுப்பு மாற்றும் பெண்ணை மறைப்பதுபோல. காகித நாடாக்களை இலக்கமாக்க அவர் உதவி எனக்கு வேண்டியிருந்தது. வெட்டுக்கள் எல்லாம் அவர் கைக் குறிகள். அவரோ சொல்ல மறுத்தார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். காகிதத்தையும் அளவு நாடாவையும் மேசையில் பக்கம் பக்கமாக விரித்து வைத்துவிட்டு, யன்னலோரம் போய் வீதியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"நீயாப் பாத்துக்க. நான் ஒண்டும் சொல்லல்ல."

"சொல்லலதான் ராத்தா."

"இத யாரு யாரு பாக்க ஏலும்?"

"நானும் முதலாளியும். கடவுச்சொல் போட்டிருக்கேன்."

மறுநாள் பார்த்தால் கடவுச்சொல் ஒரு மஞ்சள் துண்டுக் காகிதத்தில், திரையின் நெற்றியிலேயே ஒட்டியிருந்தது. முதலாளிக்கு மறந்து மறந்து போகிறதாம். ராத்தா அதைக் கிழித்தெடுத்து வாயில் போட்டு மென்றார். உண்மையாகவே மென்றார். பிறகு துப்பிவிட்டு, "பசை நல்லா இல்ல" என்றார்.

கடிதங்கள் போனதும் வியாபாரம் இரட்டிப்பானது. எனக்குப் பெருமையாக இருந்தது. தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது முதலாளி கொழும்பு போய்விட்டு இரண்டு ஃப்ளொப்பி டிஸ்க்குகளோடு வந்தார். அங்கே ஒரு ரெடிமேட் வியாபாரியோடு பேசியிருக்கிறார். பட்டியலைக் கொடுத்தால் அவர் தன் செலவில் தபாலட்டை அடித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவாராம். ரெடிமேட் ஜாக்கெட் எங்கள் கடைக்கே வருமாம். கூடவே ஒரு புதுத் தையல் மெஷினும் தருவாராம்.

"கொப்பி பண்ணித் தாங்க பிள்ள."

ராத்தா அப்போது நண்பகல் ளுஹர் தொழுகைக்காக உள்ளறையில் இருந்தார். அவர் வரட்டும் என்று சொல்லலாமா? முதலாளியின் பட்டியல்தானே? நான் யார் தடுக்க? வேலையை விட்டால் பால்மாவுக்கு என்ன செய்வது? இப்படி நாலைந்து கேள்விகளை எனக்குள் கேட்டுக்கொண்டே கொப்பி பண்ணி முடித்துவிட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பட்டியல் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு வரிகூடக் குறையவில்லை. அதனால்தான் எதையும் யாருக்கும் கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. தொழுகை முடிந்து ராத்தா வந்தபோதும் நான் சொல்லவில்லை.

எங்கள் தோட்டத்தில் தபால்காரர் லயம் லயமாக வருவதில்லை. எல்லாக் கடிதங்களும் தோட்டத்து ஒபிசுக்கு ஒரே பையில் வரும். மாலையில் கொழுந்து மடுவத்தில், பறித்த தேயிலைக்கு நிறுவை நடக்கும்போது கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். எழுத்துத் தெரியாதவர்களுக்கு அங்கேயே வாசித்தும் காட்டுவார். இது எனக்கு நன்றாகத் தெரியும். என் கல்யாணப் பதிவுக் கடிதத்தையே அப்படித்தான் வாசித்தார்கள். தெரிந்தும் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

கொழும்பிலிருந்து அட்டைகள் வந்த அன்று நான் வேலை முடிந்து மகளைத் தூக்கிக்கொண்டு மடுவத்தைத் தாண்டிக்கொண்டிருந்தேன். முதல் அட்டை என் மாமியாருக்கு. கடைக் கடிதத்தை நானே கையில் கொடுத்திருந்ததால், வாழ்க்கையில் அவருக்கு வந்த முதல் தபால் அது.

"வாசிங்க ஐயா. சத்தமா வாசிங்க. எல்லாரும் கேக்கட்டும்" என்றார் மாமி.

கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "அன்புள்ள அம்மணி, மார்பளவு நாற்பது, இடுப்பளவு முப்பத்தாறு கொண்ட தங்களுக்கெனவே..." இடுப்புக்கு வந்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. அதற்குள் மடுவமே சிரித்துவிட்டது.

"நாப்பதா?" மாமி இடுப்பில் கைவைத்தார். "பொய்யி! முப்பத்தெட்டுதான். எவன்டா ரெண்ட கூட்டிப் போட்டவன்?"

நானும் சிரித்துவிட்டேன். பையில் இன்னும் இருபதுக்கு மேல் அட்டைகள் இருந்தன. உறையில்லாத அட்டைகள். அவை கைமாறிக் கைமாறி உரியவர்களிடம் போவதற்குள் மடுவத்தின் ஓரத்தில் நின்ற இளவட்டங்கள் எல்லாவற்றையும் வாசித்துவிட்டார்கள். கடைசி அட்டை சாந்திக்கு. எங்கள் லயத்துக் கோடியில் இருப்பவள், தையில் கல்யாணம். இருட்டுவதற்குள் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனவளை ஒருவன் இலக்கம் சொல்லிக் கூப்பிட்டான். அந்த இலக்கத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. குடத்தைப் பீலியிலேயே விட்டுவிட்டு அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு அவள் போகவில்லை. அவளுடைய அம்மா என்னை வழிமறித்தாள். "கூறை ஜாக்கெட்டு துணி ஒங்க கடையிலதான் கெடக்கு. வெட்டியிருந்தாலும் பரவாயில்ல, திருப்பிக் கொண்டாந்துரு. அந்தக் கடை வேணாங்குறா. மாப்ள வீட்டுக்கு இந்தப் பேரு எட்டுனா என்ன செய்யிறதுன்னு அழுவுறா."

பஸ்ஸில் முழுக்க என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். மேல்மாடிக்குப் போனதும் ஒத்திகை எல்லாம் மறந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

ராத்தா கத்தரியைக் கீழே வைத்தார்.

"யாரு குடுத்த?"

"நான்தான் ராத்தா. முதலாளி கேட்டாரு. நான் கொப்பி பண்ணிக் குடுத்தேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். படியைக்கூடத் திட்டாமல் கீழே இறங்கினார். நான் பின்னாலேயே போனேன். கடை நிறைய ஆட்கள்.

"நானா, அளவு லிஸ்ட்ட வித்தீங்களா?" முதலாளியை அவர் அண்ணன் என்ற பொருளில் நானா என்றுதான் கூப்பிடுவார்.

"விக்கல்ல. குடுத்த. நான் என்ன, யார்ட சல்லியையாவது களவெடுத்தேனா? நம்பர்தானே?"

"அந்தப் பொம்புளையள் என்னட்ட கையத் தூக்கி நிண்டது ஒங்களுக்கு மெஷின் வாங்கவா? அது அமானிதம். நம்பித் தந்த சாமான். திருப்பி எடுங்க."

முதலாளி முகம் கறுத்துப்போய்த் தொலைபேசியை எடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. அளவை அட்டையிலேயே அச்சடிப்பார்கள் என்று அவரும் நினைத்திருக்கவில்லை. கொழும்பு வியாபாரி சிரித்துக்கொண்டே சொன்னாராம்: இன்னும் இரண்டு கடைக்காரர்களுக்கும் கொடுத்தாகிவிட்டது.

"திருப்பி எடுக்கவே ஏலாதா?" ராத்தா என்னைப் பார்த்தார். "வெட்டின துணி மாதிரியா?"

"வெட்டுன துணியாச்சும் ஒரு இடத்துல கெடக்கும் ராத்தா. இது எங்கெங்க போயிருக்குன்னே தெரியாது."

ராத்தா முக்காட்டைச் சரிசெய்தார். "ஒங்கட தோட்டத்துக்கு எத்தன மணிக்கி பஸ்?"

பஸ் இறங்கும் இடத்திலிருந்து கொழுந்து மடுவத்துக்கு நல்ல ஏற்றம். ராத்தா மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். மூன்று இடத்திலும் மலையைத் திட்டினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நிறுவை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்து, "பதினெட்டு... இருவது..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓரத்தில் அதே இளவட்டங்கள். ராத்தாவைக் கண்டதும் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் முகத்தைப் பார்த்தவர்களும் உண்டு.

"ஜாக்கெட்டு யாவாரமா ராத்தா?" என்றாள் ஒருத்தி. குரலில் இனிப்பில்லை.

"இல்ல. அளவு சொல்ல வந்த." ராத்தா தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றார். முக்காட்டை இறுக்கிக்கொண்டார். பிறகு மலை கேட்கும்படி சொன்னார்: "எனக்கி நாப்பத்தாறு! இடுப்பு நாப்பத்துநாலு! யாருக்காவது எழுதிக்கணும்டா எழுதிக்கோங்க!"

"தராசுல ஏத்திப் பாப்பமா?" என்று வரிசையில் எங்கோ ஒரு குரல் கேட்டது.

"ஒங்கட தராசு தாங்காது மகள், தொரை கணக்குக் கேப்பாரு" என்றார் ராத்தா. மடுவம் வெடித்துச் சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் அவர் கணக்கப்பிள்ளை பக்கம் திரும்பினார். "ஐயா, ஒங்கட பொண்டாட்டி எட்டு வருஷமா என்னட்டத்தான் தைக்கிய. அளவு மனப்பாடம். சொல்லவா?"

"ஐயோ, வேணாங்கம்மா!" கணக்கப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டார்.

அடுத்தது இளவட்டங்கள். "தம்பி, ஒங்கட அம்மாட அளவும் எனக்கித் தெரியும். ஒங்கட தங்கச்சிட அளவும் தெரியும். இத்தன வருஷத்துல யார்ட்டயாவது ஒரு வார்த்த சொல்லியீக்கேனா? சொல்லச் சொல்லுங்க, இப்பவே சத்தமாச் சொல்ற." ஒருவன் செருப்பைப் பார்த்தான். ஒருவன் வானத்தைப் பார்த்தான். பீலியில் கூப்பிட்டவனின் தாய் வரிசையிலிருந்து வெளியே வந்து, கூடையை இறக்காமலே அவன் காதைப் பிடித்தாள்.

"எனக்கு முப்பத்தெட்டு! அட்டையில போட்டது தப்பு!" என்று இந்தச் சந்தடியில் என் மாமி முழங்கினார். அதன்பிறகு இன்னும் இரண்டு மூன்று பேர் தங்கள் இலக்கத்தைத் தாங்களே கூவினார்கள். அவை எல்லாம் உண்மையான இலக்கங்கள் இல்லை என்று பட்டியலைத் தட்டச்சு செய்த எனக்குத் தெரியும்.

அப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. ராத்தா என் பெயரை எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டார். "பட்டியலைக் கொப்பி பண்ணிக் குடுத்தது நான்தாங்க" என்றேன். குரல் கொஞ்சம்தான் வெளியே வந்தது. ஆனால் கேட்டுவிட்டது.

முன்வரிசையில் நின்ற ஒரு அக்கா கேட்டாள்: "எங்ககிட்ட கேட்டியா?"

"இல்லக்கா."

"கேட்டிருக்கலாம்ல?"

அவ்வளவுதான். வரிசை நகர்ந்தது. இப்போது ஆறு வயதாகிவிட்ட என் மகளின் பெயரையும் பிறந்த தேதியையும் யாராவது படிவத்தில் கேட்டால், இதை யார் யார் பார்ப்பீர்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். அதிகமாகப் பயப்படுகிறேனோ என்று எனக்கே சந்தேகம்தான்.

நிறுவை முடிந்ததும் ராத்தா சாந்தியின் வீட்டுக்குப் போனார். கதவு திறக்கவில்லை. ராத்தா கதவுக்கு வெளியே இருந்தபடியே, மடுவத்தில் தான் சொன்னதை மறுபடியும் சொன்னார், இலக்கத்தோடு. உள்ளே சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அழுகையாகவும் இருந்திருக்கலாம். பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து சாந்தி பேசினாள்.

"கொம்பியூட்டர்ல என் பேரு இருக்கக் கூடாது ராத்தா. நான் வந்து என் கண்ணால பாக்கணும்."

"வாங்க மகள். சனிக்கிழம."

சனிக்கிழமை அவள் வருவாளா என்று எனக்கு நம்பிக்கையில்லை. பதினொரு மணிக்குத் தாயோடு படியேறி வந்தாள். யாரையும் பார்க்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவள் வரியைத் தேடி எடுத்தேன். திரையில் மேலும் கீழும் மற்றப் பெண்களின் வரிகள் தெரிந்தன. ராத்தா இரண்டு துணித் துண்டுகளைக் கொண்டுவந்து, ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் பிடித்தார். நடுவில் சாந்தியின் வரி மட்டும் தெரிந்தது.

"இங்க இருக்கிறது அழிஞ்சிரும் சாந்தி. கொழும்புக்குப் போனத என்னால அழிக்க முடியாது" என்றேன். சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று அடுத்த நொடியே தோன்றியது.

"தெரியுங்கக்கா. நீங்க வச்சிருக்கிறது போகட்டும்."

எந்தப் பொத்தான் என்று காட்டினேன். அவளே அழுத்தினாள். வரி போனது. இருந்த இடத்தில் இன்னொரு வரி ஏறி வருவதற்குள் ராத்தா துணியை இறக்கி மூடிவிட்டார். ஆணியில் இருந்த அவளுடைய பழைய காகித நாடாவையும் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

சாந்தி வெறும் துணியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ராத்தாவைப் பார்த்தாள். "இப்ப எங்கிட்டிருந்து எடுத்தது ஒண்ணுமே இல்லியே. கூறை ஜாக்கெட்ட எப்பிடித் தைப்பீங்க?"

ராத்தா கையில் ஒரு புதுக் காகித நாடாவோடு அவள் முன்னால் போய் நின்று, அவளாகவே கையைத் தூக்கட்டும் என்று காத்திருந்தார். நான் எழுந்து யன்னல் பக்கம் போய், வீதியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

எனக்குப் பின்னால், சாந்தியின் கண்ணாடி வளையல்கள் கலகலவென்று மேலே போகும் சத்தம் கேட்டது.